நாயின் மிகுதாகமும் மிகுசலமும்

(கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுத்தோட்டக்காரருக்காகக் கூட்டப்பெற்ற கூட்டமொன்றில் கமத்தொழிற் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



சென்ற மாதம் இதே மண்டபத்திற் சாடிகளில் மிளகாய் நடுதல் பற்றிப் பேசினேன். பேச்சு முடிந்ததும், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் எழுந்து ஒரு வினா வினவினார். "தம்பி, எங்கள் வீட்டுப் பின்முற்றத்துச் சீமெந்துத் தரையில் எறும்பு மொய்க்கிறது. என்ன தூள் போட்டாலும் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுகிறது. வேறு நல்ல மருந்து உண்டா?" என்றார். எறும்பு எங்கே மொய்க்கிறது என்று கேட்டேன். நாய் சலம் விடும் மூலையில் மட்டுமே என்றார். நாய் தண்ணீர் மிகுதியாகக் குடிக்கிறதா என்று கேட்டேன். அம்மையார் சற்று வியப்புடன் என்னைப் பார்த்து, "அதெப்படித் தெரியும்? மூன்று மாதமாகச் சட்டி சட்டியாகக் குடிக்கிறது" என்றார்.

எறும்புத் தூள் வேண்டியதில்லை, நாயை நாளைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாய்க்கு நீரிழிவு என்பது மறுநாளே தெரிந்தது. அதன் பின்னர், கூட்டத்தை நடத்துவோர் என்னிடம் வந்து, இம்மாதம் மிளகாய்க்கு உரமிடுதல் பற்றிப் பேசவேண்டாம், நாயின் தாகம் பற்றியே பேசுக என்று கேட்டனர்.

நான் மிருக வைத்தியன் அல்லன். கமத்தொழிற் பாடசாலையிற் பயின்றவன். அங்கே மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் பராமரிப்பும் ஓரளவு கற்றேன். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் 1978 ஆம் ஆண்டில் எங்கள் திணைக்களத்தினின்றும் வேறாயிற்று. ஆகவே நாய் பற்றிப் பேசுதல் என் பதவிக்குரிய கடமையுமன்று. எனினும் இப்பொருள் பற்றிப் பேச ஒப்புக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2019 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். என் அக்கா இவ்வெள்ளவத்தையிலேயே, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீட்டில் வசித்து வந்தார். அவர்களிடம் ரோசி என்னும் ஏழு வயதுப் பெட்டை நாய் இருந்தது; கபில நிறமான நம் ஊர் நாய்தான். என்றும் வீட்டினுட் சலம் விட்டறியாத அந்த நாய் திடீரென இரவிற் கூடத்தை நனைக்கத் தொடங்கியது. அத்தானுக்குக் கோபம். மாடி வீட்டில் நாற்றம் என்றால் அயலவர் முகம் சுளிப்பர் என்பதும் உண்மையே. அக்கா என்னிடம் தொலைபேசியிற் கேட்டார். நானும் கற்றவன் என்ற எண்ணத்தில் உடனே விடை சொன்னேன்: "வெயிற் காலம், அதனால் தண்ணீர் கூடக் குடிக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பின் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிடுங்கள், சரியாகிவிடும்."

அவர்கள் அவ்வாறே செய்தனர். நாய் குளியலறைத் தரையை நக்கியது. பூச்சாடிகளின் கீழே வைத்த தட்டுகளில் நின்ற நீரைக் குடித்தது. இதைக் கண்டவள் எட்டு வயதான என் மருமகள். அவள் சொன்னதைப் பெரியவர்கள் பொருட்படுத்தவில்லை. ஐந்தாம் நாள் ரோசி வாந்தி எடுத்தது, எழுந்து நிற்கவில்லை. மிருக வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கடைசியாக இரத்தம் பட்டது எப்பொழுது என்று கேட்டார். ஆறு கிழமைக்கு முன் என்றார் அக்கா. கருப்பையிற் சீழ் கட்டியிருந்தது. அன்றிரவே சத்திர சிகிச்சை நடந்தது. ஆனால் நீர் வற்றிய உடலிற் சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. மறுநாள் இரவு நாய் இறந்தது. ஐந்து நாள் முந்திச் சென்றிருந்தாற் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்று வைத்தியர் சொன்னார். அந்த ஐந்து நாளும் என் வார்த்தையாற் போனவை.

அன்று நான் செய்த பிழை யாது? தாகத்தை நோயாக எண்ணினேன். தாகம் நோயன்று. நோயினாற் சலம் மிகுகிறது. இழந்த நீரை ஈடு செய்யவே நாய் குடிக்கிறது. மிகுதியாகக் குடிப்பதனாற் சலம் மிகும் நாய்களும் உண்டு. ஆயின் அவை சிலவே. பெரும்பாலான நாய்களிற் சலமே முந்தியது, தாகம் பிந்தியது.

நம் கமக்காரருக்குச் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம். வரம்பில் நண்டு துளையிட்ட வயல் நாள்தோறும் நீர் கேட்கும். எவ்வளவு பாய்ச்சினாலும் மறுநாட் காய்ந்து கிடக்கும். "இவ்வயல் அளவுக்கு மிஞ்சி நீர் குடிக்கிறது" என்று மடையை அடைத்துவிட்டால் துளை அடைபடாது, பயிரே வாடும். வரம்பைத்தான் பார்க்கவேண்டும். நாயின் உடலில் அவ்வரம்பு சிறுநீரகம். இரத்தத்திலிருந்து வடிந்த நீரின் பெரும் பகுதியைச் சிறுநீரகம் மீண்டும் உறிஞ்சிக் கொள்கிறது. எஞ்சிய சிறிதளவே சலமாக வெளியேறும். மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியிலிருந்து வரும் ஓமோன் ஒன்று, நீரை மிச்சம் பிடி என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. அக்கட்டளை வராவிட்டாலும், வந்த கட்டளையைச் சிறுநீரகம் கேளாவிட்டாலும், சீனி போன்றதொரு பொருள் தன்னுடன் நீரை இழுத்துச் சென்றாலும் சலம் பெருகும்.

இனி, எவ்வளவு குடித்தால் மிகுதி என்று கொள்வது? கண்ணால் மதிப்பிடல் ஆகாது; அளக்க வேண்டும். நலமுள்ள நாய் தன் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 முதல் 60 மில்லிலீற்றர் நீர் குடிக்கும். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்டால் ஐயமின்றி மிகுதி எனலாம். ஆகவே 10 கிலோகிராம் நிறையுள்ள நாய் 600 மில்லிலீற்றர் வரை குடித்தால் அச்சமில்லை. ஒரு லீற்றருக்கு மேற் குடித்தால் வைத்தியரிடம் செல்லவேண்டும். இடைப்பட்ட அளவாயினும், வழக்கத்திலும் பார்க்கத் தெளிவாகக் கூடியிருந்தால் அதனையும் பொருட்படுத்த வேண்டும்.

நிறையை அறிய நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி நில்லுங்கள். பின்னர் நாயின்றித் தனியே ஏறுங்கள். வித்தியாசமே நாயின் நிறை. நீரை அளப்பதற்கு ஒரு லீற்றர்ப் போத்தல் இரண்டை நிரப்பி வைத்து, நாய்ச் சட்டிக்கு அவற்றிலிருந்து மட்டுமே வார்க்க வேண்டும். காலை ஆறு மணி தொடங்கி மறுநாட் காலை ஆறு மணி வரை வார்த்ததிலிருந்து சட்டியில் எஞ்சியதைக் கழித்தால் அளவு கிடைக்கும். வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள். இல்லையேல் ஒருவர் குழாயிற் பிடித்து ஊற்றிவிடுவார். பூச்சாடித் தட்டு, குளியலறை வாளி, கொல்லைக் கிணற்றடித் தொட்டி ஆகியவற்றை மூடுதலும் வேண்டும். மூன்று நாள் அளந்து சராசரி எடுப்பது நன்று. ஆனால் நாய் சோர்ந்து, உண்ணாது, வாந்தி எடுத்து நின்றால் மூன்று நாள் அளந்து கொண்டிருத்தல் மடமை. அன்றே செல்லவேண்டும்.

அளக்கும்போது உணவையும் நினைவிற் கொள்க. சோறும் மீன் ஆணமும் தின்னும் நாய்க்கு உணவிலேயே நீர் நிறைய உண்டு. அதே நாயைக் கடையில் விற்கும் உலர் தீனிக்கு மாற்றினால் சட்டியிற் குடிப்பது கூடும், அது இயல்பு. கருவாட்டுத் தலையும் உப்பு மிகுந்த கறி மிச்சமும் தின்ற நாளிலும் அப்படியே. குட்டிக்குப் பாலூட்டும் பெட்டைக்கும் நீர் கூடுதலாக வேண்டும். கொழும்பின் மார்ச்சு, ஏப்பிரில் மாதப் புழுக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயும் கூடக் குடிக்கும். ஆனால் அந்நீர் மூச்சோடு போய்விடுவதாற் சலம் அவ்வளவு மிகுவதில்லை. ரோசியின் செய்தி கேட்டபோது இவ்வொன்றை நான் சிந்தித்திருந்தாற் போதும். வெயிலினாற் குடிக்கும் நாய் இரவிற் கூடத்தைக் குளமாக்குவதில்லை.

சலம் பலமுறை போவதும் சலம் மிகுதியாகப் போவதும் ஒன்றன்று. அடிக்கடி குந்தி, ஒவ்வொரு முறையும் சில துளி மட்டும் விட்டு, முனகி, சிலவேளை இரத்தம் கலந்து போகுமாயின் அது சலப்பையில் அழற்சி அல்லது கல்லாக இருக்கலாம். கடுவன் நாய் காலைத் தூக்கி முக்கியும் சலமே வராவிட்டால் அது பெரும் ஆபத்து. அரை நாளும் பொறுக்கலாகாது. தூங்கும் போது தன்னை அறியாது படுக்கையை நனைக்கும் பெட்டை நாய்க்கு, சிறப்பாகக் கருத்தடை செய்யப்பட்ட பெட்டைக்கு, சலப்பையின் வாய் தளர்ந்திருக்கலாம். அது மருந்தாற் பெரும்பாலும் சீர்ப்படும். கடுவன் மதிலுக்கு மதில் சிறிது சிறிதாக விடுவது அதன் எல்லைக் காவல். நாம் இன்று பேசுவது இவை பற்றியன்று. நிறமின்றிக் குழாய் நீர் போல, ஒரே முறையிற் பெருந்தொகையாகப் போகும் சலம் பற்றியே.

இத்தகைய சலத்துக்குக் காரணம் பல. கருப்பை நீக்கப்படாத பெட்டை நாயாயின், வேறெதையும் எண்ணுமுன் கருப்பைச் சீழை எண்ணுங்கள். வேட்கைப் பருவம் முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்துள் இது வருவது வழக்கம். நடுவயதைத் தாண்டிய நாய்களிற் கூடுதலாகக் காணப்படும். கருப்பையிற் பெருகும் பற்றீரியாவின் நஞ்சு இரத்தத்திற் கலந்து, நீரை மிச்சம் பிடிக்கும் ஆற்றலைச் சிறுநீரகத்தினின்றும் பறித்துவிடுகிறது. அதனால் முதற் குறி தாகமாகவே இருக்கலாம். கருப்பையின் வாய் திறந்திருந்தாற் பின்புறத்தாற் சீழ் வடியும். நாய் தன்னை அடிக்கடி நக்கும். வாய் மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. அதுவே கொடிது, வயிற்றினுள் வெடிக்கவும் கூடும். ரோசிக்கு வந்தது அவ்வகை. சிகிச்சை பெரும்பாலும் கருப்பையை எடுத்தலேயாகும். குட்டி வேண்டாதவர் நாய் இளமையாயிருக்கும்போதே கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்வித்தால் இந்நோய்க்கு இடமே இல்லை. "ஒருமுறையாவது ஈன வேண்டும், இல்லையேற் பாவம்" என்று வெள்ளவத்தையிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈன்றாலும் இந்நோய் வரும்; ரோசி இருமுறை ஈன்றது.

அடுத்தது நீரிழிவு. சதையியிற் சுரக்கும் இன்சுலின் குறையும்போது இரத்தத்திற் சீனி ஏறுகிறது. நாயின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டியதும் அச்சீனி சலத்தில் வழியத் தொடங்கும். வழியும் சீனி நீரையும் இழுத்துச் செல்லும். நாய் நிறையத் தின்னும், நிறையக் குடிக்கும், ஆயினும் மெலியும். கண் வெண்மையாகப் புரை பிடிக்கும். மனிதருக்கு ஆண்டுகள் செல்லுவது நாய்க்குச் சில மாதங்களில் வந்துவிடும். சலத்தில் எறும்பு மொய்ப்பதை நம் பண்டை வைத்தியர்கள் அறிந்து அந்நோய்க்கு இனிப்பைக் குறிக்கும் பெயரே இட்டனர். எறும்பு வேறு காரணத்தாலும் வரலாமாகையால் அது ஒன்றையே கொண்டு முடிவு கட்டலாகாது. ஆனால் எறும்பும் தாகமும் ஒருங்கே கண்டால் தாமதிக்கலாகாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனிதரின் நீரிழிவு பற்றிய அறிவே நாய்களிடமிருந்து வந்தது. 1889 ஆம் ஆண்டில் ஸ்திராசுபூர்க்கு நகரில் மின்கோவுசுக்கி, வொன் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றினர். ஒழுங்காகப் பழக்கப்பட்ட அந்நாய் ஓயாது சலம் விட்டது. சோதித்தபோது அச்சலத்திற் சீனி இருந்தது. 1921 ஆம் ஆண்டிற் கனடாவின் தொறொன்றோ நகரிற் பான்றிங்கும் பெசுற்றும், சதையி அகற்றிய நாய்களுக்குச் சதையிச் சாற்றை ஏற்றி அவற்றின் இரத்தச் சீனியைக் குறைத்தனர். 1922 சனவரியில் அம்மருந்து முதன்முறையாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. நம் வீடுகளில் நாளும் இன்சுலின் ஏற்றும் முதியோர், அவ்வூசிக்கு நாய்களுக்குக் கடன்பட்டவர்கள்.

கடன்பட்டிருப்பினும், தாத்தாவின் குளிசையை நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. நாய்க்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் இன்சுலின் அறவே குறைந்த வகை. குளிசையாற் பயனில்லை, தீமை உண்டு. வீட்டிலுள்ள இன்சுலினையும் அளவறியாது ஏற்றிவிடலாகாது. எந்த இன்சுலின், எத்தனை அலகு, எந்த ஊசி என்பவற்றை வைத்தியரே வகுக்க வேண்டும். ஊசி ஏற்றப்பட்ட நாய் தள்ளாடி நடுங்கினாற் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது எனக் கொண்டு, தேனையோ சீனிப் பாகையோ ஈறுகளில் தடவி உடனே வைத்தியரை அழைக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அம்மையாரின் நாய் இப்பொழுது காலையும் மாலையும் இன்சுலின் பெறுகிறது. கணவருக்கும் நீரிழிவாதலால் ஊசி ஏற்றுவதில் அம்மையாருக்குக் கை பழகியிருக்கிறது. ஆனால் இருவரின் மருந்தும் வேறு வேறு பெட்டியில், வேறு நிற நாடா கட்டி வைத்திருக்கிறார். நேற்று அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். 14 கிலோகிராம் நிறையுள்ள அந்நாய் முன்னர் நாளொன்றுக்கு மூன்று லீற்றர் குடித்தது. இப்பொழுது ஒரு லீற்றருக்குக் குறைவு. இடக் கண்ணிற் படர்ந்த புரை மட்டும் அப்படியே இருக்கிறது. அது ஊசியால் நீங்குவதன்று. எறும்பு போய்விட்டது.

வயது முதிர்ந்த நாய்களிற் சிறுநீரகத் தேய்வு மிகப் பொதுவானது. இதிலுள்ள வஞ்சகம் யாதெனில், சிறுநீரகத்தின் மூன்றில் இரு பங்கு அழிந்த பின்னரே சலம் நீர்த்துப் போகத் தொடங்கும். முக்காற் பங்கு அழிந்த பின்னரே இரத்தத்தில் யூரியா முதலிய கழிவுகள் ஏறும். ஆகவே தாகம் என்பது முன்னறிவிப்புப் போலத் தோன்றினாலும் உண்மையில் நெடுநேரம் கழித்து வந்த அறிவிப்பு. வாய் நாற்றம், உணவில் வெறுப்பு, மெலிவு, வெளிறிய ஈறு ஆகியன பின்னே வரும். தேய்ந்ததை மீட்க இயலாது. ஆயினும் வைத்தியர் சொல்லும் பொசுபரசு குறைந்த உணவும், தடையின்றிக் கிடைக்கும் நீரும் நாயின் வாழ்நாளை நீட்டும். இத்தகைய நாய்க்கு இரவில் நீரை மறைத்தல் கொலைக்கு ஒப்பானது.

சிறுநீரகத்தைக் கெடுப்பவை நம் அடுக்களையிலேயே உண்டு. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. கேக்குக்காக ஊறவைத்த வற்றல் நத்தார் காலத்திற் கொட்டாஞ்சேனை வீடுகளில் மேசை மேல் இருப்பதை நானே கண்டிருக்கிறேன். இந்நஞ்சு முந்திரிகையிலுள்ள தாட்டாரிக்கு அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க மிருக வைத்தியர்கள் 2021 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். அவ்வமிலம் நம் பழப்புளியில் ஏராளம். கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையை நாய் எட்டும் இடத்தில் எறிய வேண்டாம். மூட்டு நோவுக்கென மனிதர் விழுங்கும் ஐபூபுரோபென் முதலிய குளிசைகளும் நாயின் சிறுநீரகத்தையும் குடலையும் புண்ணாக்கும். நொண்டும் நாய்க்கு இரக்கப்பட்டு அரைக் குளிசை கொடுப்போர் பலர். அந்த இரக்கம் வேண்டாம்.

எலிக்காய்ச்சல் பற்றிக் கமக்காரர் நன்கு அறிவர். வயலில் இறங்குவோருக்குச் சுகாதார அதிகாரிகள் தடுப்புக் குளிசை வழங்குவதும் அறிந்ததே. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு உட்பட்டதாக ஐயுறப்பட்டது. இது வயலுக்கு மட்டும் உரியதன்று. எலி உலாவும் வடிகால், வெள்ளம் வடிந்த ஒழுங்கை, வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை ஆகியவற்றில் தேங்கிய நீரைக் குடிக்கும் நாய்க்கும் வரும். 2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியது போன்ற வேளைகளில் அபாயம் இன்னும் கூடும். நாய்க்குக் காய்ச்சல், தசை நோ, வாந்தி, மஞ்சள் நிறம் ஆகியன காணலாம். சிலவற்றிற் சிறுநீரகம் தாக்கப்பட்டுத் தாகமும் சலமும் மிகும். இங்கே அஞ்ச வேண்டியது நாயின் உயிருக்கு மட்டுமன்று. அச்சலத்திற் கிருமி உண்டு; கையில் உள்ள சிறு காயத்தின் வழியே அது நம்முள் புகும். ஆகவே காரணம் தெரியாத மிகுசலத்தை வெறுங்கையால் துடைக்கலாகாது. இறப்பர்க் கையுறை அணிந்து, கிருமிநீக்கித் தூள் கரைத்த நீர் ஊற்றிக் கழுவுக. குழந்தைகளை அப்பாற் படுத்துக. எலிக்காய்ச்சலுக்கு நாய்த் தடுப்பூசி உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சொறிக்கும் தினவுக்கும் பிரெட்னிசொலோன் என்னும் குளிசை கொடுக்கப்படுவதுண்டு. அது நல்ல மருந்தே. ஆனால் அதைத் தின்னும் நாய் மிகுதியாகக் குடிக்கும், மிகுதியாகத் தின்னும், மிகுதியாகச் சலம் விடும். இவ்வாறாயின் அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்தவும் கூடாது. நெடுநாட் கொடுத்த மருந்தைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கிக் கொடுத்தல் தவறு. அம்மருந்தையொத்த ஓமோனை அதிரீனற் சுரப்பி தானாகவே அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதும் உண்டு. அந்நாயின் வயிறு பானை போலத் தொங்கும், இரு விலாவிலும் மயிர் உதிரும், தோல் மெலியும். முதுமை என்று எண்ணி விட்டுவிடுவோர் பலர்.

ஈரல் நோய், இரத்தத்திற் கல்சியம் மிகுதல், அதனை உண்டாக்கும் சில புற்று நோய்கள், கபச் சுரப்பியின் குறை என்பன எஞ்சியவை. இவற்றை இரத்தச் சோதனையின்றி வைத்தியரும் அறியார். நாம் ஆராய்ந்து பயனில்லை.

ஆனால் ஒரு மூடக் கொள்கையைச் சொல்லாது விடமுடியாது. விசர் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும், ஆகவே தண்ணீர் குடிக்கும் நாய்க்கு விசர் இல்லை என்று நம்மிற் பலர் நம்புகின்றனர். இது பொய். நீரைக் கண்டு அஞ்சுதல் விசர் பிடித்த மனிதரிற் காணப்படுவது. விசர் நாய் தண்ணீர்ச் சட்டியை நாடும். தொண்டை இயங்காமையால் விழுங்க முடியாது நீரும் எச்சிலும் வழிய நிற்கும். தொடக்க நாட்களில் விழுங்கவும் கூடும். கடித்த நாய் தண்ணீர் குடித்ததென்று எண்ணித் தடுப்பூசி போடாது விடுதல் உயிரோடு விளையாடுதல். கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. விசர் நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1893 ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. அத்துணைப் பழைய பகை இது.

இறுதியாக, சலத்தைச் சேர்த்து எடுத்துச் செல்லும் முறை. வைத்தியருக்கு இதுவே பெருந்துணை. காலையில் முதன்முறை விடும் சலமே சிறந்தது. இரவெல்லாம் சிறுநீரகம் நீரை மிச்சம் பிடித்ததா என்பது அதிற் புலப்படும். நாயைக் கயிற்றிற் பிடித்து வெளியே கொண்டு சென்று, அது விடத் தொடங்கிய பின், நீண்ட பிடியுள்ள பழைய அகப்பை ஒன்றைப் பின்புறமாக மெல்ல நீட்டிப் பிடியுங்கள். தொடங்குமுன் நீட்டினால் நாய் வெட்கப்பட்டு நடந்துவிடும். என் அனுபவம் அது. போத்தலைக் கொதிநீரிற் கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். ஜாம் போத்தலும் சர்பத்துப் போத்தலும் வேண்டாம். அவற்றில் ஒட்டிய சீனி, நலமான நாயை நீரிழிவு நாயாகக் காட்டிவிடும். ஒரு மணி நேரத்துள் கொடுக்க முடியாவிட்டாற் குளிர்ப் பெட்டியில் மூடி வையுங்கள். உணவோடு ஒட்ட வைக்காதீர்கள். மூன்று நாள் அளந்த கணக்கையும், கடைசியாக இரத்தம் பட்ட நாளையும், கொடுத்த மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். பதற்றத்தில் வாயாற் சொல்லும்போது பாதி மறந்துபோகும்.

கொழும்பிலே மிருக வைத்தியர் பலர் உளர். சிக்கலான நோயாயின் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்புவதும் உண்டு. பேராதனை வரை செல்வதாயினும், ஒழுங்கையின் முனை வரை முச்சக்கர வண்டியிற் செல்வதாயினும், ஒரு போத்தல் நீரும் ஒரு சட்டியும் உங்கள் கையில் இருக்கட்டும். வழியில் நாய் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். வண்டி நனையுமே என்று சாரதி முணுமுணுத்தால், பழைய சாக்கு ஒன்றை நான்காக மடித்து நாயின் கீழே விரித்துக் கொள்ளுங்கள்.